தனுசியாவுக்கு இரண்டு சோடி

அந்தச் சனிக்கிழமை காலை கணிதத்தில் சார்பு படிப்பிக்கத் தொடங்கும்போது மயூரதனின் மனதில் எந்தக் கறளும் இருக்கவில்லை. அச்சுவேலிச் சந்தைக்குப் பின்பக்கம் தகரம் போட்ட நீள ரியூசன் மண்டபம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே வெங்காய மூட்டை ஏற்றுகிறவர்கள் ஆளையாள் ஏசிக்கொண்டிருந்தார்கள். அவன் பலகையில் நான்கு வரிசைப்பட்ட சோடிகளை எழுதினான்.

(2, 5), (3, 7), (4, 5), (2, 9).

"இந்த நாலு சோடியும் சேர்ந்த தொடை ஒரு சார்போ?"

"இல்லை சேர்," என்றான் கீர்த்திகன். "அஞ்சு ரெண்டு தரம் வந்திருக்கு."

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவன் விடும் பிழை அது. "அஞ்சு எத்தினை தரமும் வரட்டும். அதாலை ஒரு குறையுமில்லை. முன்னுக்கு நிக்கிறதைப் பார். பின்னுக்கு நிக்கிறதை விடு."

"ரெண்டு, சேர்." முன் வாங்கில் இருந்து தனுசியா. "ரெண்டு அஞ்சுக்கும் போகுது, ஒன்பதுக்கும் போகுது. அதாலைதான் சார்பில்லை."

"ஆட்சி? முன்னுக்கு நிக்கிறதெல்லாம்."

"ரெண்டு, மூண்டு, நாலு."

"வீச்சு? பின்னுக்கு நிக்கிறதெல்லாம்."

"அஞ்சு, ஏழு, ஒன்பது."

அவன் பலகையில் வெண்கட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். அவனிடமிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான். அது பாராட்டு என்று அவளுக்குத் தெரியும். நீர்வேலிப் பிள்ளை. சோதனை வைத்தால் முதலாவது அவள்தான். அவள் கையை உயர்த்திக் கேட்கும் கேள்விக்காகவே அவன் சில வேளைகளில் ஒரு படியை வேண்டுமென்று விட்டுவிட்டுப் போவான். அவள் அந்த இடத்தைப் பிடித்துவிடுவாள். "சேர், அங்கை எப்பிடி வந்தது?" என்பாள். அந்த மண்டபத்தில் அவனுக்கு உயிர் வரும் நேரம் அது.

மற்ற முகங்கள் தூங்கி வழிந்தன. எழுப்பிவிடுவோம் என்று நினைத்தான்.

"இலக்கம் அலுப்பா இருக்கெண்டால் உங்களையே எழுதுவம். முன்னுக்கு உங்கடை பேர். பின்னுக்கு உங்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிற ஆள்."

அவனிடம் ஒரு பகிடி தயாராக இருந்தது. எல்லாச் சோடியிலும் பின்னால் தன் பெயர் வரும். வீச்சில் ஒரேயோர் உறுப்பு, அது நான்தான், என்றாலும் சார்பு சார்புதான் என்று சொல்ல இருந்தான். (கீர்த்திகன், மயூரதன்) என்று எழுதினான். (றஜனி, மயூரதன்) என்று எழுதினான். (தனுசியா, மயூரதன்) என்று எழுதும்போது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. றஜனி வாயைக் கொப்பியால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன றஜனி?"

"ஒண்டுமில்லை சேர்."

"ஒண்டுமில்லாததுக்கே இந்தச் சிரிப்பு? சொல்லும்."

"தனுசியாவுக்கு ரெண்டு சோடி வரும் சேர்."

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்ன பிறகுதான் றஜனிக்கே தான் சொன்னது விளங்கியது. தனுசியா எழும்பி நின்றாள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை.

"மற்றது ஆர்?" என்று மயூரதன் கேட்டான்.

"உடுவிலிலை... பார்த்தீபன் சேர்," என்றாள் தனுசியா.

"எப்ப தொடக்கம்?"

"போன வருசம் தொடக்கம், சேர்."

அவன் திரும்பி (தனுசியா, பார்த்தீபன்) என்று எழுதினான். எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"இப்ப இது சார்போ?"

நின்றுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"இல்லை சேர்," என்றாள்.

*

பார்த்தீபன் அவனுக்கு அந்நியன் அல்ல. கம்பஸில் படித்த காலம் முழுவதும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. காலை விரிவுரைக்கு மயூரதன் போவான், பார்த்தீபன் படுத்திருப்பான். பின்னேரம் இவனுடைய குறிப்பைப் பார்த்து அவன் எழுதுவான். எழுதிக்கொண்டே பாடுவான். இன்றைக்கு அவன் உடுவிலில் பெரிய வகுப்பு நடத்துகிறான். பிள்ளைகள் அவனுடைய பகிடிகளை வீட்டில் போய்ச் சொல்லுகிறார்கள். அதைப் பற்றி மயூரதன் இதுவரை ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. உண்மையில் எதைப் பற்றியும் அவன் கவலைப்பட்டதில்லை.

மனைவி தர்சினி போய் இரண்டு வருடம் கடந்திருந்தது. டெங்குக் காய்ச்சல். வாரத் தொடக்கத்தில் தலையிடிக்கிறது என்றாள். வார முடிவில் ஆள் இல்லை. மணம் முடித்து முதலாவது தீபாவளி கூட வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் வருட முடிவில் ஆட்டைத் திவசத்திலும் மயூரதன் ஐயர் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தான், செய்யச் சொன்னதைச் செய்தான். அழுகை வரவில்லை. அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள், வந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான், போட மறந்தால் கேட்கமாட்டான். வகுப்புக்குப் போனான், வந்தான். மழை பெய்தால் நனைந்தான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன் கை கழுவிவிட்டுக் குசினிக்குள் போய், "அக்கா, இன்னும் கொஞ்சம் புட்டு இருக்கோ?" என்று கேட்டான்.

அக்கா புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். "என்னடா, இண்டைக்கு ஏதும் விசேசமோ?"

"பசிக்குது."

அக்கா மகிழ்ந்துபோனாள். பிள்ளை தேறிவிட்டான் என்று நினைத்தாள். உள்ளே என்ன எரிகிறது என்று அவளுக்குத் தெரியாது. அது என்ன என்று அவனுக்கே ஞாயிறு பின்னேரம்தான் பிடிபட்டது. பொறாமை. இரண்டு வருடமாக ஒன்றுமே ஏறாத நெஞ்சில் முதலாவதாக ஏறியது அதுதான். வெட்கமாக இருந்தது. ஆனால் கையைச் சுட்டுக்கொண்டவனுக்குக் கை இருப்பது தெரியவருவதுபோல, அவனுக்குத் தான் இருப்பது தெரிந்தது.

திருத்தாமல் கிடந்த சோதனைத் தாள்களில் தனுசியாவின் தாளை முதலில் இழுத்தான். இரண்டாம் பக்கத்தில், ஒரு தொடர்பு சார்பல்ல என்று காட்டும் இடத்தில், இரண்டு நீள்வட்டம் போட்டு இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு அம்புக்குறி வரைந்திருந்தாள். அவனுக்கு இரத்தம் தலைக்கேறியது. கம்பஸில் பார்த்தீபனுக்கு அந்த நீள்வட்டம் போடாமல் ஒன்றும் ஓடாது. முட்டைப் பார்த்தி என்றுதான் அவனுக்குப் பெயர். மயூரதன் தன் வகுப்பில் ஒருநாளும் முட்டை போட்டதில்லை. முந்திய மாதத் தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தான். அவற்றிலும் முட்டை. எத்தனை மாதமாகக் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. அவன்தான் பார்க்கவில்லை.

விடை சரி. படிகள் சரி. புள்ளி வெட்ட இடம் இல்லை. தேடிப் பார்த்து, அம்புக்குறி அடிமட்டம் வைத்து நேராகக் கீறவில்லை என்று ஒரு புள்ளி வெட்டினான். பிறகு அதை அப்படியே விட்டான்.

சனிக்கிழமை எழுதிய நான்கு சோடிகள் மனதில் சுற்றிச் சுற்றி வந்தன. (2, 9)ஐ எடுத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆட்சிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு இருக்கும், மூன்று இருக்கும், நாலு இருக்கும். வீச்சில் இருந்து ஒன்பது மட்டும் போகும். ஒன்பது போனால் யாருக்கு என்ன? கணக்கில் அது ஒரு வரி. அழித்துவிட்டு மேலே போகலாம்.

*

அடுத்த சனிக்கிழமை வகுப்புத் தொடங்கமுன் சொன்னான். "வாற மாதம் தொடக்கம் இஞ்சை இணைந்த கணிதத்துக்கு வாற ஒருத்தரும் வேற இடத்திலை அதுக்கே போகேலாது. ஒரு வாத்தியிட்டை நூறு பேர் வரலாம். ஒரு பிள்ளை ரெண்டு வாத்தியிட்டைப் போறது சரியில்லை. எங்கை போறதெண்டு நீங்கள் யோசியுங்கோ."

சொல்லும்போது முன் வாங்கைப் பார்க்கவில்லை.

இடைவேளைக்குள் செய்தி கல்வி நிலைய உரிமையாளர் பரமலிங்கத்தாரின் காதுக்குப் போய்விட்டது. மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உது என்ன புதுச் சட்டம்? வலிகாமத்திலை ரெண்டு இடம் ரியூசன் போகாத பிள்ளையைக் காட்டும் பாப்பம். என்ரை பேத்தி மூண்டு இடம் போறாள். இதுக்கை நாலாவதும் தேடுறாள்."

"படிப்புக் குழம்புது ஐயா. ஆள் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிக் குடுக்கினம்."

"பிள்ளையள் குழம்பேல்லை. நீர்தான் குழம்பி நிக்கிறீர் போலை கிடக்கு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வகுப்பு முடிய ஒரு கூட்டம் அவனைச் சுற்றி வந்தது. கீர்த்திகன் சுன்னாகத்துக்கும் போகிறானாம். றஜனி யாழ்ப்பாணம் ரவுணுக்கும் போகிறாளாம். ஒருவன் இரண்டு இடத்துக்குமேல் போகிறான். மற்ற வாத்திமாரின் பெயரைச் சொல்ல அவனுக்கே தடுமாற்றமாக இருந்தது. பாதி வகுப்பு அப்படித்தான். மயூரதன் தலையாட்டிக் கேட்டான். ஒருவர்மேலும் கோபம் வரவில்லை. அவர்கள் நாலு இடத்துக்குப் போகட்டும், நாற்பது இடத்துக்குப் போகட்டும். நெஞ்சில் ஒரு அசுமாத்தமும் இல்லை.

தனுசியா கூட்டத்தில் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய் பின்னேரம் அவளின் தாய் அக்கா வீட்டுக்கு வந்தாள். கேதீஸ்வரிக்கு நீர்வேலித் தபாற்கந்தோரில் வேலை. ஸ்கூட்டியை மதிலோடு சாத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைக்கத் தொடங்கினாள்.

"சேர், பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பாடில்லை. கேட்டால் கணக்கெண்டுறாள். என்ன கணக்கெண்டு கேட்டால் சார்பெண்டுறாள். எனக்கு என்ன தெரியும்?"

"ஒரு இடத்தைத் தெரிஞ்செடுக்கச் சொன்னனான். அவ்வளவுதான்."

"ரெண்டும் வேணும் எண்டுறாளே." கேதீஸ்வரி அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "கோவிக்காதேங்கோ. அவள் சொல்லுறதைத்தான் சொல்லுறன். உங்களிட்டை விளங்குதாம். அவரிட்டைப் போனால் பயம் போகுதாம்."

"என்ன பயம்?"

"சோதினைப் பயம். கணக்குப் பயம். அவர் பகிடி விட்டுப் படிப்பிப்பாராம். நீங்கள் சிரிக்கமாட்டியளாம்." அவள் உடனே கையால் தடுப்பதுபோலச் செய்தாள். "நான் ஏசிப்போட்டன் சேர். சேரின்ரை வீட்டிலை ஒரு துக்கம் நடந்தது, அவர் எப்பிடிச் சிரிப்பார் எண்டு சொன்னனான்."

கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே மயூரதன் கேட்டான். "ஒராளைத்தான் எண்டால் அவள் ஆரைச் சொல்லுவாள்?"

"ஐயோ சேர்! பெத்த தாயையும் தேப்பனையும் வைச்சுக்கொண்டு ஆரைப் பிடிக்கும் எண்டு சின்னப் பிள்ளையளைக் கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்."

அவள் போய்விட்டாள். பதில் சொல்லாமலே போய்விட்டாள் என்பது அவள் சந்தி திரும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவனுக்கு அன்றிரவு முழுக்க அந்த ஒரு சொல்தான். பயம் போகுதாம். விளங்கப்படுத்த யாராலும் முடியும். புத்தகத்தாலும் முடியும். பயத்தை எடுத்துவிட முடிந்தவன் எவ்வளவு கொடுத்துவைத்தவன். அது ஏன் அவனுக்குக் கிடைக்கவேண்டும்? குறிப்பெடுத்தது நான். படுத்துக் கிடந்தது அவன்.

*

பார்த்தீபன் வியாழக்கிழமை தானாகவே அச்சுவேலிக்கு வந்தான். பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில் இருந்துகொண்டு ஃபோன் எடுத்தான். மயூரதன் போனபோது அவன் முன்னால் ஒரு ரோல்ஸ் தட்டு காலியாகி, மற்றத் தட்டு பாதியாக இருந்தது. உடம்பு வைத்திருந்தான். சேட்டுப் பொத்தான் வயிற்றில் இழுபட்டது. அதுவும் மயூரதனுக்கு ஒரு செல்வம்போலத் தெரிந்தது.

"வா மச்சான், இரு. தொடைக் கணக்கை றோட்டுக்குக் கொண்டு வந்திட்டாயாம்?"

"பகிடி விடாதை."

"சரி, விடேல்லை." பார்த்தீபன் கை துடைத்தான். "இஞ்சை பார். சார்பில்லை எண்டால் சார்பில்லை. அதுக்காக அந்தத் தொடையைப் பிழை எண்டு ஆரும் வெட்டுறதோ? சோதினையிலைகூட ஆட்சியையும் வீச்சையும் எழுதச் சொல்லித்தானே கேக்கிறவங்கள்."

"எனக்குப் படிப்பிக்க வந்தனியோ?"

"உனக்கோ? உன்ரை குறிப்பிலை பாஸ் பண்ணினவன் நான்."

அந்த நேரம் அவனுடைய ஃபோன் மேசையில் அதிர்ந்தது. எடுத்ததும் மனைவியின் குரல் வெளியே கேட்டது. "எங்கை நிக்கிறியள்? வரேக்கை சின்னவனுக்குப் பால்மா வாங்கிக்கொண்டு வாங்கோ. போன தரம் மாதிரி மறந்துபோய் வந்தியளெண்டால் உள்ளுக்கை விடமாட்டன்." பார்த்தீபன் சிரிக்கப் போனான். மயூரதனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கி, "சரி சரி, வைக்கிறன்," என்று அவசரமாக வைத்தான். ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

அந்தக் கவிழ்ப்புத்தான் மயூரதனைச் சுட்டது. பார்த்தீபனை ஏச வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அதை மயூரதனுக்கு முன்னால் மறைத்தும் வைக்கவேண்டியிருக்கிறது.

"நான் வந்த விசயம் இதுதான்," என்றான் பார்த்தீபன், மேசையைப் பார்த்தபடி. "தனுசியாவை இனி வரவேண்டாம் எண்டு நேற்றுச் சொல்லிப்போட்டன். உன்னட்டையே படிக்கட்டும்."

"ஏன்?"

"ஏனெண்டால்... விடு மச்சான்."

"ஏன் எண்டு கேக்கிறன்."

"உனக்கு இருக்கிறது இந்த வகுப்பொண்டுதானே. எனக்கு வேற எவ்வளவோ கிடக்கு."

மயூரதன் எழும்பியபோது பிளேன்ரீக் கோப்பை கவிழ்ந்து, தேநீர் மேசையால் ஓடியது. கடைக்காரர் துணியோடு வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் துடைக்காமல் நின்றார்.

"என்னைப் பாத்து இரக்கப்படாதை," என்றான் மயூரதன். "விளங்குதோ? அவளைத் திருப்பிக் கூப்பிடு."

"நான் ஏன் கூப்பிட? சட்டம் போட்டது நீ."

"கூப்பிடு எண்டுறன்!"

"நீ சட்டத்தை எடு. நான் கூப்பிடுறன்." பார்த்தீபனுக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. "அந்தப் பிள்ளை நேற்று என்ரை வகுப்பு வாசலிலை நிண்டு அழுதது. உனக்காக நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ அதைப் பாக்கேல்லை."

அவளை அழவைத்தது தான்தான் என்பது மயூரதனுக்கு விளங்கியது. அதோடு இன்னொன்றும் மனதில் ஓடியது. அவள் அழுதது பார்த்தீபனுடைய வாசலில். தன்னுடைய வாசலில் அல்ல. அதற்கும் அவனுக்குப் பொறாமை வந்தது. தன்னைத் தானே அருவருத்தபடி அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

*

சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று, போன கிழமை சொன்ன சட்டம் இல்லை என்று சொன்னான். விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றான். வகுப்பு ஒரு தரம் மூச்சுவிட்டது. பின் வாங்கில் யாரோ ஒருவன் கைதட்டி நிறுத்தினான். தனுசியா கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிய அவளை வாசலில் மறித்தான். றஜனியும் கூட நின்றாள்.

"உடுவிலுக்குப் போம். பார்த்தீபன் சேரோடை வியாழக்கிழமை கதைச்சனான்."

"ஓம் சேர்."

"அண்டைக்குப் பலகையிலை எழுதினது சரியில்லை. உம்மை நிக்கவைச்சுக் கேட்டதும் சரியில்லை."

"பரவாயில்லை சேர்."

வேறு ஏதும் சொல்லுவாள் என்று நின்றான். அவள் "வாறம் சேர்," என்று றஜனியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

அவள் வகுப்பை விடவில்லை. ஒரு சனி தவறவில்லை. விட்டுப் போய்விடுவாள் என்றுதான் அவன் பயந்தான், அது நடக்கவில்லை. வகுப்பு நேர்மாறு சார்புக்குப் போனது, பிறகு வரைபுகளுக்குப் போனது. அவள் முன் வாங்கில் இருந்து மூன்றாம் வாங்குக்கு மாறியிருந்தாள். கேட்டால் சரியான விடை சொல்லுவாள். கேட்காவிட்டால் எழுதிக்கொண்டிருப்பாள். விடைத்தாளில் முட்டைகள் இல்லை. அவனுக்குக் கொடுக்கும் தாளில் அவற்றைப் போடக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறாள்போல. அதற்குப் பதிலாக அவன் படிப்பித்த முறையிலேயே, அவன் எழுதும் சொற்களிலேயே எழுதியிருந்தாள். அவன் கேட்டது அதைத்தான். கிடைத்தபோது வாசிக்க முடியாமல் இருந்தது.

ஒருநாள் வீச்சுக் காணும் கணக்கு ஒன்றில் நடுப் படியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான். போய், வெண்கட்டியோடு நின்றான். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். மூன்றாம் வாங்கில் அவளின் பேனை அந்த இடத்தில் நின்றது. அவள் பலகையைப் பார்த்தாள். விடுபட்ட படியை அவள் கண்டுவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. கை மேசையில்தான் இருந்தது. பிறகு தானாகவே அந்தப் படியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

"ஆருக்கும் ஏதும் கேக்க இருக்கோ?" என்று கேட்டான்.

ஒருவருக்கும் இருக்கவில்லை.

வகுப்புக் கலைந்த பிறகு, சந்தைப் பக்கம் ஆள் அடங்கிய வெயிலில், மதிலோடு நின்று பார்த்தீபனுக்கு ஃபோன் எடுத்தான். தேநீர்க் கடைக்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை.

"ஓ மச்சான்," என்றான் பார்த்தீபன். குரலில் கவனம் இருந்தது. பின்னால் ஒரு குழந்தை எதையோ போட்டு அடித்துக்கொண்டிருந்தது. "சொல்லு."

"தனுசியா வாறவளோ?"

"ஓம். வாறவள். ஏன்?"

"உன்ரை வகுப்பிலை கேள்வி கேக்கிறவளோ?"

பார்த்தீபன் குழந்தையை அங்கால் போகச் சொன்னான். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறான் என்று மயூரதன் நினைத்தான். பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்தான்.

"கேக்கிறவள்," என்றான் பார்த்தீபன். "விடமாட்டாள். நேற்று அரை மணித்தியாலம் என்னை நிப்பாட்டி வைச்சவள்."

"என்ன கேட்டவள்?"

"என்ன மச்சான்?"

"என்ன கேள்வி எண்டு சொல்லு."

பார்த்தீபன் சொல்லத் தொடங்கினான். மயூரதன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மதில் நிழலில் குந்தி, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டான்.